குடும்ப கார் வாங்கும் முன்: உள்ளிடமும் இருக்கை வசதியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மூன்று வண்டிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, எது குடும்பத்துக்கு ஒத்துவரும் என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. இன்ஜின், மைலேஜ் பற்றி இங்கே பேச்சில்லை. உட்காரும் இடத்தைப் பற்றி மட்டும்தான். இன்ஜினின் அருமை பெரும்பாலும் ஓட்டுபவருக்குத்தான் தெரியும். இருக்கையின் அருமையோ அவஸ்தையோ வண்டியில் ஏறும் அத்தனை பேருக்கும் தெரியும். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: வண்டியை அதன் நல்ல இருக்கையை வைத்து எடைபோடாதீர்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டிய மோசமான இருக்கை எதுவோ, அதை வைத்து எடைபோடுங்கள்.

வெளியே பெரிதாகத் தெரியும் வண்டி உள்ளேயும் பெரிதாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்ல முடியாது. வெளிநீளத்தில் இன்ஜினும் சக்கரங்களும் எவ்வளவு விழுங்கிவிடுகின்றன என்பதைப் பொறுத்தது அது. 1959-இல் வந்த மினி இதற்கு இன்றும் நல்ல உதாரணம். மூன்று மீட்டரைக் கொஞ்சமே தாண்டிய கார் அது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், முன்சக்கரங்களையே இயங்கவைத்தார், நான்கு சக்கரங்களையும் நான்கு மூலைகளுக்குத் தள்ளினார். தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிச்சமானது. இன்றைய குடும்ப கார்களில் பெரும்பாலானவை அந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன.

எனவே மொத்த நீளத்தைவிட வீல்பேஸைப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் அது. ஆட்கள் உட்காரும் இடத்தின் பெரும்பகுதி அதற்குள்தான் அடங்குகிறது. ஆனால் அதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். இன்ஜினை நீளவாக்கில் வைத்த வண்டியில் நீண்ட முகப்பே வீல்பேஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அகலத்திலும் இதே கதைதான். கதவுகள் தடிமனாக இருந்தாலோ, பக்கச் சுவர்கள் கூரையை நோக்கி உள்வாங்கிச் சாய்ந்திருந்தாலோ, வெளியே அகலமான வண்டியில் தோளுக்கு இடம் குறையும்.

லெக்ரூம் இத்தனை மில்லிமீட்டர் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். அதை வைத்து இரண்டு கார்களை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் அந்த அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு ஒப்பிட வேண்டும்.

பல தயாரிப்பாளர்கள் பின்பற்றுவது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே1100 என்ற அளவீட்டு முறை. மனித உடலின் வடிவமும் எடையும் கொண்ட ஒரு கருவியை இருக்கையில் உட்கார வைக்கிறார்கள். உடலும் தொடையும் மடியும் இடுப்பு மூட்டுக்கு 'எச் பாயின்ட்' என்று பெயர். கணுக்காலிலிருந்து அந்தப் புள்ளி வரையிலான தூரத்தை அளந்து, அதோடு 254 மி.மீ. என்ற மாறாத எண்ணைக் கூட்டிச் சொல்வதுதான் லெக்ரூம். உங்கள் முழங்காலுக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதை இந்த எண் நேரடியாகச் சொல்வதில்லை. எதைத் தெரிந்துகொள்ள நாம் அதைப் பார்க்கிறோமோ, அதைத்தான் அது சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பின்வரிசை அளவு, முன்னிருக்கை எங்கே நிறுத்தப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்து மாறும். ஒரு காரில் முன்னே 1,060 மி.மீ., பின்னே 900 மி.மீ. என்றும், மற்றொன்றில் முன்னே 1,020, பின்னே 950 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்வரிசையை மட்டும் பார்த்தால் இரண்டாவது கார் 50 மி.மீ. தாராளம். முன், பின் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 1,960, 1,970. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான். கூட்டுத்தொகையை ஒப்பிடுவதே நியாயமான வழி. இரண்டாவது வரிசை முன்னும் பின்னும் நகரும் வண்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வரிசையை முழுக்கப் பின்னால் தள்ளி எடுத்த அளவைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த நிலையில் மூன்றாவது வரிசையில் கால் வைக்கவே இடம் இருக்காது.

நேரில் பார்க்கும்போது எண்களை மறந்துவிட்டு இதைச் செய்யுங்கள். வீட்டில் வண்டி ஓட்டுபவர்களில் உயரமானவர் ஓட்டுநர் இருக்கையைத் தனக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளட்டும். பிறகு அதை அசைக்காமல், அவரே இறங்கி அதற்கு நேர் பின்னால் போய் உட்காரட்டும். முழங்காலுக்கு முன்னே நான்கு விரல் நுழைந்தால் நல்லது. பாதம் முன்னிருக்கைக்கு அடியில் தாராளமாகப் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாதம் உள்ளே போனால்தான் காலை நீட்டி மடக்க முடியும். முன்னிருக்கையை முழுக்க இறக்கி வைத்தால் பல கார்களில் ஷூ நுனிகூட உள்ளே நுழையாது.

கால் வைக்க இடம் நிறைய இருந்தும் ஒரு மணி நேரத்தில் தொடையும் இடுப்பும் வலிக்கின்றன. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். குறை பெரும்பாலும் நீளத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. இருக்கைக்கும் காலடித் தரைக்கும் உள்ள உயரம் போதாவிட்டால் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்ததுபோல் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். தொடை மெத்தையை விட்டு எழும்பிவிடும். தொடை முழுதும் பரவ வேண்டிய உடல் எடை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளில் குவியும். இடுப்பு பின்பக்கமாகச் சரிந்து, கீழ்முதுகு வளைந்துவிடும். முன்னே எத்தனை இடம் இருந்தாலும் அந்த வலி தீராது.

தரை ஏன் உயர்ந்துவிடுகிறது? அடியில் தனி இரும்புச் சட்டம் வைத்து, அதன் மேல் வண்டியின் உடலை ஏற்றிக் கட்டும் எஸ்யூவிகளில், சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் மேலேதான் தரை ஓட முடியும். மின்சார கார்களில் பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது; நடுவில் மேடு இல்லாத தட்டையான தரை கிடைப்பது அதன் நன்மை, தரையே உயர்வது அதன் விலை. கூரையையும் உயர்த்தினால் வண்டியின் தோற்றம் கெடும், காற்றின் தடையும் கூடும் என்பதால் இருக்கையை உயர்த்தாமல் விட்டுவிடுகிறார்கள். மினிவேன் வகை வண்டிகள் இங்கேதான் ஜெயிக்கின்றன. அவற்றின் தரை தாழ்வு, கூரை உயரம். எனவே இருக்கை நாற்காலி உயரத்தில் நிற்க முடிகிறது.

சோதிக்கும் வழி சுலபம். உட்கார்ந்து, பாதம் முழுவதையும் தரையில் ஊன்றி, உள்ளங்கையைத் தொடைக்கும் மெத்தைக்கும் நடுவே செருகிப் பாருங்கள். முழங்காலை ஒட்டிய இரண்டு விரல் அளவு இடைவெளி இயல்பானது. கை தடையில்லாமல் பாதித் தொடை வரை உள்ளே போனால் அது நீண்ட பயணத்துக்கான இருக்கை இல்லை. குட்டையானவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை வரும்: மெத்தை நீளமாக இருந்து முழங்காலின் பின்புறத்தை அழுத்தும், குதிகால் தரையைத் தொடாது. ஆகவே உயரமானவரும் குட்டையானவரும் தனித்தனியாகச் சோதித்தே ஆகவேண்டும்.

ஹெட்ரூம் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சன்ரூஃபை. கண்ணாடியும் அது நகரும் சட்டமும் கூரைக்கு அடியில் இடம் பிடிப்பதால், ஒரே மாடலிலேயே சன்ரூஃப் உள்ள வகையில் தலைக்கு மேல் இடம் குறையும். நீங்கள் வாங்கப்போகும் வகையிலேயே உட்கார்ந்து பாருங்கள். கூரை பின்னோக்கிச் சரியும் கூபே பாணி வண்டிகளில், நேராக உட்கார்ந்தால் தலை தப்பும். முதுகைச் சாய்த்தால் தலை பின்னே போய்க் கூரையின் தாழ்ந்த பகுதியைத் தொடும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது இடிக்காமல் இருக்க, தலைக்கு மேல் கிடைமட்டமாக ஒரு கை நுழையும் அளவாவது இருக்க வேண்டும்.

பின்சீட்டில் மூன்று பேர் உண்மையிலேயே உட்கார முடியுமா?

சீட் பெல்ட் மூன்று இருக்கிறது என்பதால் மட்டும் முடியாது. மூன்று பெரியவர்கள் வரிசையாக உட்காரும்போது முதலில் முட்டிக்கொள்வது தோள்கள்தான். நடுத்தர கார்களில் தோள் மட்டத்து அகலம் 1,400 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 47 செ.மீ.கூட வராது, நல்ல உடல்வாகு கொண்ட ஆணின் தோள் அகலம் அதைத் தாண்டிவிடும். நடுவில் இருப்பவர் முன்னே குனிந்துகொள்வார், அல்லது ஓரத்தில் இருப்பவர் உடலைத் திருப்பிக்கொள்வார். பக்கத்துத் தெருவுக்குப் போய்வர இது போதும்.

நடு இருக்கையை ஓரங்களிலிருந்து பிரித்துப் பாருங்கள். கையணை மடிந்து உள்ளே போவதால் அங்கே முதுகு கெட்டியாக இருக்கும். மெத்தை மேடாக இருக்கும். பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டு ஓடும் வண்டியில், காலடியில் மேடு இருப்பதால் இரண்டு கால்களையும் அகட்டி வைக்க வேண்டியிருக்கும். நடு இருக்கைக்கும் தலைதாங்கியும் தோளில் குறுக்காக வரும் பெல்ட்டும் இருக்கின்றனவா என்பது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. இவை இல்லாத நடு இருக்கையை இருக்கையாகவே கணக்கில் சேர்க்க வேண்டாம்.

1998-இல் வந்த ஃபியட் மல்ட்டிப்லா இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. காரை அகலமாக்கி, முன்னே மூன்று, பின்னே மூன்று என்று ஆறு தனி இருக்கைகளை இரண்டே வரிசையில் வைத்தது. அதன் தோற்றத்தைப் பலர் பழித்தார்கள். எனக்கு அந்த யோசனையின் மேல் இன்றும் மதிப்பு உண்டு. யாரையும் கடைசி வரிசைக்குத் தள்ளாமல் ஆறு பேரை உட்கார வைத்த கார் அது.

மூன்றாவது வரிசை யாருக்கு? பெரியவர்கள் உட்காரலாமா?

சில வண்டிகளில் தாராளமாக உட்காரலாம், பலவற்றில் குழந்தைகள் மட்டும், இன்னும் சிலவற்றில் அவசரத்துக்கு மட்டும். 'ஏழு இருக்கை' என்ற ஒரே சொல் இந்த மூன்றையும் மூடி மறைத்துவிடுகிறது.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, மேலே சொன்ன தொடைத் தாங்கல். மூன்றாவது வரிசை பின் அச்சின் மேல் அல்லது அதற்குப் பின்னால் நிற்பதால் தரை அங்கேதான் அதிகம் உயர்கிறது. முழங்கால் மார்பை நோக்கி எழும்பும். அடுத்தது உள்ளே ஏறுவது. இரண்டாவது வரிசை மடிந்து நகர்ந்த பிறகு திறக்கும் வழியில் பெரியவர் ஒருவர் குனிந்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, உடலைத் திருப்பி உட்கார வேண்டும். சேலையோ வேட்டியோ கட்டியவர்களையும் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவது கடினம். உள்ளிருந்து இரண்டாவது இருக்கையை மடக்கும் பிடி கைக்கு எட்டுகிறதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. எட்டாவிட்டால் கடைசி வரிசையில் இருப்பவர், வேறொருவர் வந்து வழிவிடும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

குலுக்கலும் அங்கே அதிகம். வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது நடுவில் இருப்பவரைவிட முனையில் இருப்பவர் அதிகம் தூக்கி எறியப்படுகிறார். ஜன்னல் சிறியது, சில வண்டிகளில் திறக்கவும் திறக்காது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாவது வரிசை வரை நீள்கிறதா என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா வண்டிகளிலும் நீள்வதில்லை. பின்கண்ணாடிக்கும் தலைதாங்கிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள்.

ஆறாவது, ஏழாவது ஆள் எப்போதாவதுதான் வருவார் என்றால் மூன்று வரிசைக்காக அலையவே வேண்டாம். அதே நீளத்தில் இரண்டு வரிசை மட்டும் உள்ள கார், ஐந்து பேருக்கு நல்ல இருக்கையும் தாராளமான டிக்கியும் தரும். தினமும் ஆறு பேர் போகிறீர்கள் என்றால், மூன்றாவது வரிசையை முதல் வரிசையாக நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது வரிசையில் கேப்டன் சீட் நல்லதா, பெஞ்ச் சீட் நல்லதா?

உட்காரும் வசதிக்கு, தனித்தனி இருக்கைகளான கேப்டன் சீட்; பெஞ்ச் சீட் என்பது ஒரே நீள இருக்கை. கேப்டன் சீட்டில் இரண்டு பக்கமும் கையணை, தனித்தனியாகச் சாய்க்கும் வசதி, நடுவே கடைசி வரிசைக்கு நடந்துபோகும் வழி. ஆனால் ஓர் ஆள் குறைவு. குழந்தை நடுவில் படுத்துத் தூங்கவும் முடியாது. (ஓடும் வண்டியில் பெல்ட் போடாமல் படுக்க வைப்பது எந்த இருக்கையிலும் கூடாது, வண்டி நிறுத்தியிருக்கும் நேரத்தைத்தான் சொல்கிறேன்.) பெஞ்ச் சீட்டை 60:40 என்று பிரித்து மடக்க முடிந்தால் நீளமான பொருளை ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் இரண்டு பேர் உட்காரலாம். வீட்டில் முதியவர் இருந்து, மூன்றாவது வரிசை அடிக்கடி பயன்படும் என்றால் நான் கேப்டன் சீட்டைத்தான் சொல்வேன். யாரையும் எழுப்பாமல் பின்னால் போகலாம் என்பதே பெரிய நிம்மதி.

ஷோரூமில் மெத்து மெத்தென்று இருந்த இருக்கை, நீண்ட பயணத்தில் ஏன் உறுத்துகிறது?

ஐந்து நிமிடத்தில் பிடித்துப்போகும் இருக்கையும் மூன்று மணி நேரம் தாங்கும் இருக்கையும் ஒன்றல்ல. மிக மென்மையான ஃபோம் உடல் எடையில் அமுங்கி, அடியிலுள்ள கெட்டியான தட்டு வரை போய்விடும். இடுப்பு புதைந்துபோனால் உடலை லேசாக அசைத்துக்கொள்வதும் சிரமம். நீண்ட பயணத்தில் நாம் அறியாமலே செய்யும் அந்தச் சிறு அசைவுகள்தான் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றுகின்றன. முதலில் சற்றுக் கெட்டியாகத் தோன்றினாலும், தொடையிலிருந்து தோள் வரை உடலைப் பரவலாகத் தாங்கும் இருக்கையே கடைசிவரை உடன் வரும்.

கீழ்முதுகுத் தாங்கலைத் தனியாகச் சோதியுங்கள். சாய்ந்து உட்கார்ந்து, இடுப்புப் பட்டைக்கு மேலே முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே கையை விடுங்கள். வெற்றிடம் இருந்தால் தாங்கல் போதவில்லை. முதுகைத் தள்ளிக்கொண்டு இருந்தால் அது உங்கள் உடலுக்கு அதிகம். கூட்டவும் குறைக்கவும் வழி இருந்தால் நல்லது. தரைக்குள் மடிந்து மறையும் இருக்கைகளில் இன்னொன்றைப் பாருங்கள்: அவை ஆழமில்லாத குழிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் மெத்தை மெல்லியதாகவே இருக்கும்.

குலுக்கலுக்கும் இருக்கைக்கும் தொடர்பு உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வுகளில் நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வைத்தான் அதிகம் உணர்கிறது. சஸ்பென்ஷனும் டயரும் கடத்திவிட்ட அந்த அதிர்வைக் கடைசியாகத் தடுக்கும் இடம் இருக்கை. நல்ல இருக்கையிருந்தும் டயரில் காற்று அதிகமாக இருந்தால் பயன் இல்லை. டெஸ்ட் டிரைவில் வழவழப்பான சாலையை விட்டு, கரடுமுரடான சாலையில் ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்காருங்கள்.

லெதர் உறையா, துணி உறையா?

வெப்பமான இடத்தில் துணியே மேல். வியர்வையை இழுத்துக்கொள்ளும், வழுக்காது. லெதரையும் செயற்கை லெதரையும் துடைத்துச் சுத்தம் செய்வது எளிது என்பதால் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுவும் பொருத்தமே. காற்று வரும் இருக்கை வேண்டும் என்றால் துளையிட்ட உறை தேவை. அந்தத் துளைகளில் பால் கொட்டினால் வாடை போகாது.

முழங்கால் வலி உள்ள முதியவர்களுக்கு எந்த வகை ஏற்றது?

அவர்கள் ஏறுவதை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். வயதான பெண் ஒருவர் முதலில் இருக்கைக்கு முதுகு காட்டி நிற்பார். ஒரு கை கதவின் மேல் விளிம்பைப் பிடிக்கும், மறு கை இருக்கையைத் தடவித் தேடும். மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்து உட்காருவார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உடலைத் திருப்பி, ஒரு காலைக் கையால் தூக்கி வாசல்படியைத் தாண்டி உள்ளே வைப்பார், அடுத்ததாக மற்றக் காலை. இந்த ஒவ்வொரு அசைவிலும் வண்டி உதவுகிறதா, தடுக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

இருக்கை அவர் நிற்கும்போது இடுப்பு இருக்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் அதுவே சரி. செடானில் அது மிகத் தாழ்வு. விழுவதுபோல் உட்கார வேண்டும், எழும்போது முழங்காலில் மொத்த எடையும் ஏறும். பெரிய எஸ்யூவியில் அது மிக உயரம். படியில் கால் வைத்து ஏற வேண்டும். இடைப்பட்ட உயரமுள்ள எம்பிவி எனப்படும் மினிவேன் வகை வண்டிகளும் சிறு எஸ்யூவிகளும் இங்கே நன்றாகப் பொருந்துகின்றன. கதவு வண்டியின் பக்கத்துக்கு ஏறத்தாழ செங்கோணமாக விரியத் திறந்தால் உடலைத் திருப்ப இடம் கிடைக்கும். வாசல்படியின் அகலம் குறைவாகவும், அதற்கும் உள்தரைக்கும் உயர வித்தியாசம் சிறியதாகவும் இருக்கட்டும். கூரையை ஒட்டிய கைப்பிடி பின்வாசலிலும் உண்டா என்று பாருங்கள். நெருக்கமான இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தால் நகர்கதவு உள்ள வேன் பெரும் உதவி.

முதியவரை வீட்டில் விட்டுவிட்டு வண்டி பார்க்கப் போகாதீர்கள். அவருக்காகத்தான் வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர் உட்கார்ந்தே பார்க்காத வண்டியை வாங்குவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

குழந்தை இருக்கை பொருத்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்?

பலரும் நினைப்பதைவிட அதிகம். குறிப்பாகப் பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் இருக்கைக்கு. அது படுத்தவாக்கில் சாய்ந்து நிற்பதால், முன்னிருக்கையை நகர்த்தினால்தான் இடம் கிடைக்கும்; முன்னே இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டைத் தொடும் நிலை வரலாம். ஐ.நா. விதி எண் 129-இன்படி அனுமதி பெற்ற ஐ-சைஸ் இருக்கைகளில் குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்பக்கம் பார்த்தே போக வேண்டும். எனவே இது சில வாரங்களில் முடிந்துபோகும் அசௌகரியம் அல்ல. ஒன்றை மறக்கவே கூடாது: ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஐசோஃபிக்ஸ் என்பது இருக்கையின் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் 280 மி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு உலோகக் கம்பிகள். பெரும்பாலான கார்களில் பின்வரிசையின் இரண்டு ஓரங்களில் மட்டும் இருக்கும். சிலவற்றில் அவை மெத்தைக்குள் ஆழமாகப் புதைந்து, விரல் நுழைத்துத் தேட வேண்டியிருக்கும். குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி எங்கே என்றும் கேளுங்கள். தரையில் ஊன்றித் தாங்கும் முட்டுக்கால் உள்ள குழந்தை இருக்கை என்றால், அந்தக் கால் ஊன்றும் இடத்தில் தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டி இருக்கக்கூடாது. மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டிகளில் என்ன செய்ய வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும்.

ஏழு இருக்கை வண்டி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்: இரண்டாவது வரிசையில் குழந்தை இருக்கையை மாட்டிய பிறகு, அந்தப் பக்கம் மடக்கி மூன்றாவது வரிசைக்கு வழிவிட முடிகிறதா? பெரும்பாலும் முடியாது. இரண்டு ஓரத்திலும் குழந்தை இருக்கை இருந்தால் மூன்றாவது வரிசை அடைபட்டே போகும். சற்று வளர்ந்த பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் ஐ-சைஸ் பூஸ்டர் இருக்கை 440 மி.மீ. அகலம் வரை வரலாம்; மூன்றை அருகருகே வைக்க வேண்டியவர்கள் பின்வரிசையில் மூன்று சம அகல இருக்கைகள் தனித்தனியாக உள்ள வண்டியைத் தேட வேண்டும்.

காரில் ஏறினால் பிள்ளைகளுக்குக் குமட்டுகிறது. இருக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நொடிக்கு அரை முறைக்கும் குறைவாக வரும் மெதுவான ஆட்டம்தான் குமட்டலைத் தூண்டுகிறது. மிக மென்மையான சஸ்பென்ஷன் கொண்ட வண்டி படகுபோல அசையும்போது வருவது அது. உள்காது அசைவை உணர, கண் அசைவற்ற இருக்கை முதுகையே பார்க்கும்போது மூளை குழம்புகிறது. பிள்ளை உட்காரும் உயரத்திலிருந்து முன்கண்ணாடி வழியாகவோ பக்கத்து ஜன்னல் வழியாகவோ சாலை தெரிகிறதா என்று, அந்த உயரத்துக்குக் குனிந்து நீங்களே பாருங்கள். ஜன்னலின் கீழ்விளிம்பு பின்னோக்கி உயர்ந்துகொண்டே போகும் வண்டிகளில் பிள்ளைக்குத் தெரிவது கதவு மட்டும்தான்.

டிக்கி இத்தனை லிட்டர் என்கிறார்கள். பெட்டி கொள்ளுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியை எடுத்துக்கொண்டு போவதுதான் வழி. ஐரோப்பிய முறையில் 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள, ஒரு லிட்டர் கொள்ளளவு கொண்ட கட்டைகளை அடுக்கி எண்ணுகிறார்கள். கட்டை சின்னது என்பதால் சக்கர மேட்டுக்கு ஓரத்திலும் மூலை முடுக்கிலும்கூட உட்கார்ந்துவிடும், உங்கள் பெட்டி உட்காராது. சிலர் ஜன்னல் மட்டம் வரை அளக்கிறார்கள், சிலர் கூரை வரை. எனவே 400 லிட்டரும் 450 லிட்டரும் ஒரே முறையில் அளந்தவைதானா என்று தெரியாமல் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

மூன்று வரிசை வண்டியில், எல்லா இருக்கைகளையும் நிமிர்த்தி வைத்தபோது எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். ஏழு பேர் போகும் பயணத்துக்கு ஏழு பேரின் சாமான்களும் வரும். பல வண்டிகளில் அந்த நிலையில் இரண்டு தோள்பைகளுக்குமேல் கொள்ளாது.

பின்னால் ஏசி துவாரம் இருந்தால் போதாதா?

துவாரம் எங்கே இருக்கிறது, எங்கிருந்து காற்று வருகிறது என்பதைப் பொறுத்தது. நடுப்பெட்டியின் பின்புறம் உள்ள துவாரம் பெரும்பாலும் நடு இருக்கைக்காரரின் முழங்காலைத்தான் குளிர்விக்கும். கூரையில் அல்லது கதவுத் தூண்களில் உள்ளவை முகத்துக்கும் மார்புக்கும் காற்றைக் கொண்டுவரும். சில வண்டிகளில் கூரைத் துவாரத்துக்குப் பின்னால் தனிக் குளிர்விப்பான் உண்டு. சிலவற்றில் வெறும் விசிறி, உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றிவிடும். இரண்டும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். வெயிலில் நின்ற வண்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சோதியுங்கள்.

ஓட்டுநர் இருக்கையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதில் கவனிக்காமல் விடுவது எது?

ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகர்கிறதா என்பதை. மேலும் கீழும் மட்டும் நகர்ந்தால், குட்டையானவர் பெடலை எட்டுவதற்காக இருக்கையை முன்னே இழுக்கும்போது மார்பு ஸ்டீயரிங்குக்கு மிக அருகில் போய்விடும். மார்புக்கும் அதன் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிவதற்கான இடம் அது. தலைதாங்கியின் மேல்விளிம்பு தலையின் உச்சி மட்டத்தில் நிற்க வேண்டும், தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். பின்பக்கம் மோதல் நேர்ந்தால் கழுத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

பழைய கார் வாங்குகிறேன். இருக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க மேட்டை அழுத்திப் பாருங்கள். ஏறி இறங்கும்போது உடல் உரசுவதால் ஃபோம் முதலில் உடைவது அங்கேதான். அதே மெத்தையையும் பக்கத்து இருக்கை மெத்தையையும் மாறி மாறி அழுத்தினால் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்பது கைக்குத் தெரியும். புது உறை போட்டிருந்தால் கீழே இருக்கும் ஃபோம் புதிதாகிவிடாது. ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் முழுக்க இழுத்துவிட்டு, தானாகச் சுருண்டு உள்ளே போகிறதா, நடுவில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வரிசையை நீங்களே ஒரு முறை நிமிர்த்தி, பூட்டிக்கொள்கிறதா என்று அசைத்துப் பார்த்து, மறுபடி மடக்குங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத வரிசையில் பிடி இறுகிப் போயிருக்கும். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். ஈரமோ துருவோ இருந்தால், இருக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.